முத்திரைத்தாளுக்கு ரைட்டர், வக்கீலுக்கு வேர்ட், விழா மலருக்கு கூகுள் டாக்ஸ்

கணினியில் எழுத எந்த மென்பொருள் நல்லது என்ற கேள்விக்கு என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழுவதும் படிக்கப் பொறுமை இல்லாதவர்கள் இத்துடன் கிளம்பலாம். மும்பை தாராவியில், தொண்ணூறு அடி சாலையை ஒட்டிய ஒரு சந்தில் டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். கடையின் பெரும்பாலான வேலை லிப்ரே ஆபீஸ் என்ற இலவச மென்பொருள் தொகுப்பில் இருக்கும் ரைட்டரில் நடக்கிறது. மைக்ரோசாப்ட் வேர்டும் இருக்கிறது; அது இல்லாமல் வக்கீல் அலுவலகங்களோடு தொழில் செய்ய முடியாது. கூகுள் டாக்ஸை ஆண்டுக்கொரு முறை, சங்கத்தின் விழா மலர் தயாராகும்போது திறப்போம்.

"எந்த மென்பொருள் நல்லது அண்ணாச்சி?" என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "எழுதி முடித்தபின் அது யார் கைக்குப் போகும்?" நோட்டரியிடமா, வக்கீலிடமா, அச்சகத்துக்கா, இல்லை பேரப்பிள்ளைகள் என்றாவது படிக்கட்டும் என்று பீரோவுக்கா? எழுதுகிறவரின் வசதியைப் பார்த்து மென்பொருள் தேடுகிறவர்கள்தான் அதிகம். வாங்கிக்கொள்கிறவரின் வசதியைப் பார்த்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

இந்தக் கேள்வி இப்போது அடிக்கடி வருவதற்குக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் அளித்துவந்த வழக்கமான ஆதரவு முடிந்தது. வேர்ட் அடங்கிய ஆபீஸ் 2016, ஆபீஸ் 2019 தொகுப்புகள் இரண்டுக்கும் அதே நாள்தான் கெடு. பழைய மென்பொருள் அன்றோடு ஓடாமல் நின்றுவிடவில்லை; பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதுதான் நின்றது. ஆனாலும் திரையில் எச்சரிக்கை எட்டிப் பார்த்ததும் மக்கள் பதறிவிட்டார்கள். பதற்றம் இருக்கும் இடத்தில் வியாபாரமும் இருக்கும். என் வாடிக்கையாளர் ஒருவருக்கு லாமிங்டன் சாலைப் பக்கம் ஒரு கடைக்காரர், "சந்தாவெல்லாம் எதற்கு? சில நூறு ரூபாய் கொடுங்கள், ஆயுசுக்கும் செல்லும் சாவி தருகிறேன்" என்று சொல்லி ஏதோ ஒன்றைப் போட்டுக்கொடுத்தார். அந்தச் சாவியின் ஆயுசு அடுத்த தீபாவளிவரைகூட வரவில்லை. கடைக்காரர் தொலைபேசியை எடுப்பதில்லை. இலவசமாகவே முறையாகக் கிடைக்கும் மென்பொருள் இருக்கும்போது திருட்டுச் சாவிக்குப் பணம் கொடுப்பானேன் என்பதுதான் எனக்குப் புரியாத கணக்கு.

என் மேசைக்கு வருபவை என்னென்ன என்று சொன்னால்தான் என் தீர்ப்பு எந்த அளவுக்கு உங்களுக்குப் பொருந்தும் என்று தெரியும். ஆங்கிலத்தில் பிரமாணப் பத்திரம். மராத்தியில் மனு. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வரும் தமிழ்ப் பத்திரங்கள், பிறப்புச் சான்றுகள், அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பு. தாராவி மறுசீரமைப்புப் பேச்சு சூடுபிடித்த பிறகு, 2000-ஆம் ஆண்டு ஜனவரி 1-க்கு முன்பிருந்தே இங்கே குடியிருக்கிறோம் என்று காட்டுவதற்கான காகிதங்கள் மூட்டை மூட்டையாக வருகின்றன. இவற்றுக்கு நடுவே அம்மன் கோயில் கொடைவிழா நோட்டீஸ், காதணி விழா அழைப்பு, கண்ணீர் அஞ்சலி. நாவல் எழுதுகிறவருக்கோ, கல்லூரி ஆய்வேடு எழுதுகிறவருக்கோ வேறு தேவைகள் இருக்கும்.

முதலில் முத்திரைத்தாள். இந்த ஒரு வேலைக்காகவே நான் ரைட்டரை விடமாட்டேன்.

முத்திரைத்தாளில் எழுதும் பிரமாணப் பத்திரத்தின் முதல் பக்கம் அந்தத் தாளில் வரவேண்டும். அதன் மேற்பாதியில் அரசு முத்திரையும் மதிப்பும் அச்சிடப்பட்டிருக்கும். நம் எழுத்து அதற்குக் கீழேதான் தொடங்க வேண்டும். தாளின் நீளமும் சாதாரணத் தாளைவிட அதிகம். இரண்டாம் பக்கத்திலிருந்து சாதாரண ஏ4 தாள். ஆக, முதல் பக்கத்துக்கு ஓர் அளவு, ஒரு மேல் ஓரம், மற்றவற்றுக்கு வேறு. நடுவில் வாடிக்கையாளர் வந்து, "அண்ணாச்சி, அப்பா பெயருக்குப் பின்னால் 'என்கிற' போட்டு இன்னொரு பெயரும் சேர்க்க வேண்டும்" என்பார். ஒரு வரி கூடும். முதல் பக்கத்தின் கடைசி வரி தானாக இரண்டாம் பக்கத்துக்கு நகர வேண்டும்.

ரைட்டரில் எஃப்11 பொத்தானை அழுத்தினால் ஸ்டைல் பட்டியல், அதாவது முன்கூட்டியே அமைத்துவைத்த வடிவங்களின் பட்டியல், வருகிறது. அதில் பக்கங்களுக்கென்று தனிப் பிரிவு உண்டு. அங்கே 'முதல் பக்கம்' என்ற ஸ்டைல் தயாராகவே இருக்கிறது. அதற்கு அடுத்து வருவது வழக்கமான பக்க ஸ்டைல் என்ற குறிப்பும் அதிலேயே பதிந்திருக்கிறது. நான் செய்ய வேண்டியதெல்லாம் முதல் பக்க ஸ்டைலின் மேல் ஓரத்தை முத்திரைக்குக் கீழே வருமளவு கூட்டி, தாளின் அளவை லீகல் என்று மாற்றிவைப்பதுதான். பிறகு எத்தனை வரி கூடினாலும் குறைந்தாலும் எழுத்து தானாகப் பாய்ந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். இந்தக் கோப்பை மாதிரியாகச் சேமித்துவைத்துவிட்டால் அடுத்த முறை பெயரும் முகவரியும் மாற்றினால் போதும்.

வேர்டில் இது முடியாதா? முடியும், சுற்றுவழியில். முதல் பக்கத்துக்கு மட்டும் தனித் தலைப்பகுதி வைத்து, அதில் வெற்று வரிகளை அடுக்கிக்கொண்டே போனால் அது எழுத்தைக் கீழே தள்ளும். பலரும் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் தாளின் அளவே மாறவேண்டும் என்றால் அங்கே பகுதிப் பிரிப்பு (செக்‌ஷன் பிரேக்) போட வேண்டும். பிரிப்புப் போட்ட இடத்தில் எழுத்து நின்றுவிடும். ஒரு வரி கூடினால் பிரிப்பையும் கையால் நகர்த்த வேண்டும். வெள்ளைத் தாள் வீணானால் போகட்டும் என்று விட்டுவிடலாம். முத்திரைத்தாள் வீணானால் வாடிக்கையாளர் முகத்தில் விழிக்க முடியாது.

அடுத்தது மூன்று எழுத்து வடிவங்கள் ஒரே பக்கத்தில் வருவது. மும்பையில் தமிழனாகத் தொழில் செய்கிறவனுக்கு இது அன்றாடம். ஆங்கில வாசகத்துக்கு நடுவே தமிழ்ப் பெயர், அதன் கீழே மராத்தியில் வார்டு அலுவலகத்தின் பெயர். ரைட்டரை நிறுவியதும் நான் முதலில் திறப்பது டூல்ஸ் மெனுவில் ஆப்ஷன்ஸ், அதில் மொழிப் பிரிவு. அங்கே சிக்கலான எழுத்தமைப்பு என்று ஓர் ஏற்பாடு உண்டு. தமிழ், தேவநாகரி, அரபு போன்ற எழுத்துகளெல்லாம் ரைட்டரின் கணக்கில் அந்தப் பிரிவில் சேரும். அதை இயக்கிவைத்தால் எழுத்துரு அமைக்கும் பெட்டியில் இரண்டு அறைகள் தெரியும்: ஆங்கிலத்துக்கு ஒன்று, இவற்றுக்கு ஒன்று. ஆங்கிலத்துக்கு 12 புள்ளி அளவு கொடுத்துவிட்டுத் தமிழ் ஏன் இன்னும் சிறிதாகவே நிற்கிறது என்று திகைப்பவர்கள் பார்க்க வேண்டியது அந்த இரண்டாவது அறையைத்தான்.

இதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. தமிழுக்கும் மராத்திக்கும் சேர்த்து ஒரே அறைதான். அங்கே லதா எழுத்துருவை வைத்தால் தமிழ் சரியாக வரும். மராத்தியோ லதாவில் எழுத்து இல்லாததால் கணினி தானாகத் தேர்ந்தெடுக்கும் வேறொரு எழுத்துருவுக்குத் தாவிவிடும். இந்தத் தாவல் ஒவ்வொரு கணினியிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். இதற்கு இரண்டு தீர்வுகள். அவசர வேலை என்றால் நிர்மலா யுஐ. விண்டோஸ் 8 முதல் கூடவே வரும் இந்த எழுத்துருவில் தமிழும் தேவநாகரியும் சேர்ந்தே இருக்கின்றன. மெலிந்த, அலங்காரமில்லாத எழுத்து. மனுவுக்குப் போதும், அழைப்பிதழுக்கு ஆகாது. நிதானமாகச் செய்யும் வேலை என்றால் தமிழுக்கு நோட்டோ செரிஃப் தமிழ் வைத்துவிட்டு, மராத்திக்கு எழுத்து அளவில் ஒரு தனி ஸ்டைல் உருவாக்கி அதில் நோட்டோவின் தேவநாகரியை வைத்துவிடுவேன். மராத்தி வாசகத்தைத் தேர்ந்தெடுத்து அந்த ஸ்டைலைச் சொடுக்கினால் முடிந்தது. இரண்டு எழுத்துருக்களும் இலவசம்.

கூடவே இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தமிழ் எழுத்துருக்கள் பலவும் ஆங்கிலத்தைவிட உயரம் கேட்பவை. ஆங்கிலப் பத்தியில் ஒரு வரியில் மட்டும் தமிழ்ப் பெயர் வந்தால் அந்த வரி மட்டும் எழும்பி நிற்கும். பக்கம் பல் போன சீப்பு மாதிரி இருக்கும். வரி இடைவெளியை 'நிலையான அளவு' என்று மாற்றி, 12 புள்ளி எழுத்துக்கு 20 புள்ளி என்று கொடுத்துவிட்டால் எல்லா வரியும் ஒழுங்காக நிற்கும். இது தெரியாமல் மென்பொருளையே மாற்றியவர்களை நான் அறிவேன்.

பழைய கோப்புகளைப் பற்றிச் சொல்லாவிட்டால் தமிழில் டைப் செய்கிறவர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். பாமினி எழுத்துருவில் அடித்த கோப்புகள் இன்னும் பென் டிரைவில் வந்துகொண்டேதான் இருக்கின்றன. பாமினி இல்லாத கணினியில் அதைத் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கிலக் கீபோர்டின் எழுத்துகள்தாம் நிற்கும். உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது உண்மையில் அந்த ஆங்கில எழுத்துகளே. அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியிருந்ததுதான் பாமினி. எந்த வேர்டாலும் ரைட்டராலும் இதைத் தானாகச் சரிசெய்ய முடியாது. என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற ஒரு மாற்றியில் போட்டு யூனிகோடு என்ற பொதுவான எழுத்துக் குறியீட்டுக்குக் கொண்டுவந்த பிறகே எதிலும் திறக்க வேண்டும். அச்சகங்கள் சிலவற்றில் யூனிகோடு அறியாத பேஜ்மேக்கர் என்ற பழைய பக்க வடிவமைப்பு மென்பொருள் இன்னும் ஓடுகிறது. அவர்களுக்கு நான் கொடுப்பது பிடிஎஃப் மட்டுமே.

கீபோர்டு அவரவர் விரலைப் பொறுத்தது. நான் தமிழ்த் தட்டச்சு இன்ஸ்டிடியூட்டில் படித்தவன். பழைய தட்டச்சு முறைதான் என் விரலுக்கு வரும். என்எச்எம் ரைட்டர், இ-கலப்பை என்ற தமிழ்க் கீபோர்டு செயலிகள் அதைத் தருகின்றன. புதிதாகக் கற்பவர்கள் தமிழ்99 கற்கட்டும். விண்டோஸிலேயே இருக்கிறது, 1999-இல் தமிழக அரசு ஏற்ற முறை. கீபோர்டுக்கும் நாம் தேர்ந்தெடுக்கும் எழுத்து மென்பொருளுக்கும் சம்பந்தமில்லை. அதனால் "எனக்கு ரைட்டரில் தமிழ் அடிக்க வராது" என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு வேர்டிலும் வராது.

இனி வேர்ட். நான் அதன் எதிரி இல்லை. வக்கீல் அலுவலகங்களிலிருந்து வரும் வரைவுகள் எல்லாமே வேர்ட் கோப்புகள். சீனியர் சிவப்பில் அடித்துத் திருத்தியிருப்பார், ஜூனியர் ஓரத்தில் குறிப்பு எழுதியிருப்பார், கட்சிக்காரர் அதன் கீழே பதில் எழுதியிருப்பார். ரைட்டரும் இந்தத் திருத்தங்களைக் காட்டும், ஏற்கும், திரும்ப வேர்ட் கோப்பாகவே சேமித்தும் தரும். ஆனால் அங்கும் இங்குமாகப் பலமுறை போய்வரும் கோப்பில் பத்தி எண்கள், அட்டவணைக் கட்டங்கள், படப் பெட்டிகள் ஆகியவை கொஞ்சம் கொஞ்சமாக இடம் மாற வாய்ப்பு உண்டு. பதினேழாம் பத்தி என்று மனுவில் குறிப்பிட்டிருப்பது பதினெட்டாகிவிட்டால் அது சாதாரணப் பிழை அல்ல. ஆகவே வேர்டில் பிறந்து வேர்டுக்கே திரும்ப வேண்டிய கோப்பை நான் வேறெதிலும் திறப்பதில்லை.

நீதிமன்ற வடிவம் இரண்டிலும் எளிதாகவே வரும். 2020-இல் உச்ச நீதிமன்றம் ஏ4 தாளுக்கு மாறியபோது தாளின் இரு பக்கமும் அச்சு, டைம்ஸ் நியூ ரோமன் 14 புள்ளி, ஒன்றரை வரி இடைவெளி, இடமும் வலமும் 4 சென்டிமீட்டர், மேலும் கீழும் 2 சென்டிமீட்டர் என்று வரையறுத்தது. ஒருமுறை மாதிரிக் கோப்பு செய்துவைத்தால் வேலை முடிந்தது. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்ட கணினியில் டைம்ஸ் நியூ ரோமன் பொதுவாக இருக்காது. ஆனால் லிப்ரே ஆபீஸோடு வரும் லிபரேஷன் செரிஃப் எழுத்துருவில் ஒவ்வொரு எழுத்தின் அகலமும் டைம்ஸுக்குச் சமமாக அமைக்கப்பட்டிருப்பதால் வரிகள் மடங்கும் இடம் மாறாது. இதை யோசித்துச் செய்தவர்களுக்கு ஒரு கும்பிடு.

வேர்ட் வாங்குவதென்றால் ஆண்டுச் சந்தா மட்டுமே வழி என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருமுறை பணம் கட்டி வாங்கும் ஆபீஸ் 2024-ம் விற்பனையில் இருக்கிறது. உலாவியில் ஓடும் வேர்ட், மைக்ரோசாப்ட் கணக்கு இருந்தால் இலவசம். எப்போதாவது வரும் ஒரு கோப்பைத் திறந்து பார்க்கவும் சின்னத் திருத்தம் செய்யவும் அது போதும். சந்தா வேர்டில் தானாகச் சேமிக்கும் வசதி, கோப்பை ஒன்டிரைவ் போன்ற இணையக் கிடங்கில் வைத்தால்தான் வேலை செய்யும். என் கடையில் இருப்பது ஊராரின் ஆதார் எண்ணும் சொத்து விவரமும். அவற்றை என் கணினியைத் தாண்டி எங்கும் வைக்க எனக்கு விருப்பமில்லை. வீட்டில் எழுதுகிறவர்களுக்கு இது ஒரு குறையாகவே தெரியாது, பயனாகக்கூட இருக்கும்.

ரைட்டரும் இயல்பாகப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் மீட்புப் பிரதி எடுக்கும். நான் அதை மூன்று நிமிடமாகக் குறைத்து, பக்கத்திலேயே இருக்கும் 'எப்போதும் காப்புப் பிரதி எடு' என்ற கட்டத்தையும் குறித்துவைக்கிறேன். எல்லோரும் இதைச் செய்ய வேண்டும். ஆனால் யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.

ரைட்டரில் எனக்குப் பிடித்த இன்னொரு வசதியைப் பற்றிப் பேசுவோர் குறைவு. பிடிஎஃப் ஆக மாற்றும்போது ஹைப்ரிட் என்று ஒரு கட்டம் இருக்கும். அதைக் குறித்தால் திருத்தக்கூடிய மூலக் கோப்பும் அந்தப் பிடிஎஃப்புக்குள்ளேயே பொதிந்துவிடும். ஜெராக்ஸ் கடைக்காரருக்கு அது சாதாரணப் பிடிஎஃப். அவர் கணினியில் என்ன எழுத்துரு இருந்தாலும் இல்லாவிட்டாலும் நான் கொடுத்த உருவத்திலேயே அச்சாகும். அதே கோப்பை ரைட்டரில் திறந்தால் முழுதாகத் திருத்தலாம். அடுத்த ஆண்டு வாடிக்கையாளர் அதே பென் டிரைவோடு வந்து, "வீட்டு எண் மட்டும் மாறியிருக்கிறது அண்ணாச்சி" என்றால், என்னிடம் பழைய கோப்பு இருக்கிறதா என்று துழாவ வேண்டியதில்லை. அவர் கையிலேயே இருக்கிறது. கோப்பின் அளவு சற்றுக் கூடும், அவ்வளவுதான்.

கொடை நோட்டீஸுக்கு வருகிறேன். அதில் உயிர்நாடி நன்கொடையாளர் பட்டியல். பெயர்களைத் தொகை வரிசையில் போடுவதா, வயது வரிசையில் போடுவதா என்று கமிட்டியில் ஒரு பஞ்சாயத்து நடந்து, கடைசியில் அகரவரிசையில் சமாதானமாவார்கள். யூனிகோடு அட்டவணையில் ஜகரம் சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. 'ந' எழுத்தை அடுத்து உடனே 'ன' வருகிறது. அந்த எண் வரிசையை அப்படியே நம்பி அடுக்கும் மென்பொருளில் பெயர்கள் கலைந்துபோகும். ரைட்டரில் பட்டியலைத் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தும் பெட்டியில் மொழியைத் தமிழ் என்று குறித்துவிட்டால் நம் அகரவரிசைக்கே அடுக்கிக் கொடுக்கிறது. கமிட்டிக்காரர்கள் அதன் பிறகும் சண்டை போடுவார்கள். ஆனால் அது எழுத்து வரிசையைப் பற்றியதாக இருக்காது.

கூகுள் டாக்ஸை நான் வைத்திருப்பது விழா மலருக்காக. கட்டுரை தருகிறவர்கள் செம்பூரில் ஒருவர், முலுண்டில் ஒருவர், ஆன்டாப் ஹில்லில் ஒருவர் என்று இருப்பார்கள். மின்னஞ்சலில் கோப்பு அனுப்பினால் 'இறுதி', 'இறுதி புதியது', 'இறுதி இதுதான்' என்று பெயர் வைத்து எல்லாம் திரும்பி வரும். டாக்ஸில் ஒரே கோப்பு. யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்ற வரலாறும் பழைய வடிவுக்குத் திரும்பும் வழியும் அதிலேயே இருக்கின்றன. ஆசிரியர் குழுவில் யாரும் யார் மேலும் பழி போட முடியாது என்பதே பெரிய நிம்மதி. தமிழ் எழுத்துருக்களும் நிறைய உண்டு: கட்டமரன், முக்தா மலர், மீரா இனிமை. எழுத்துருப் பட்டியலில் மேலும் தேடும் இடத்துக்குப் போய் எழுத்து வகையைத் தமிழ் என்று வடிகட்டினால்தான் அவை கண்ணில் படும்.

குரலால் எழுதும் வசதிதான் அதில் எனக்கு வியப்பு. கணினியில் குரோம் உலாவியில் திறந்து, டூல்ஸ் மெனுவில் குரல் தட்டச்சைச் சொடுக்கி, மொழியைத் தமிழ் என்று வைத்துப் பேசினால் எழுத்து ஓடுகிறது. மலருக்காக எங்கள் தெருப் பெரியம்மா ஒருவரை உட்காரவைத்துப் பேசவிட்டோம். தோல் பதனிடும் பட்டறைகள் தாராவியில் நிறைந்திருந்த காலத்தை அவர் சொல்லச் சொல்லத் திரையில் வந்துகொண்டே இருந்தது. நெல்லை வழக்கில் வேகமாகப் பேசிய இடங்களில் தடுமாறியது. நிதானமாகப் பேசிய இடங்களில் ஆச்சரியப்படும்படி சரியாக இருந்தது. நிறுத்தற்குறிகளைத் தமிழில் சொல்லி இடவைக்க முடியாது. முற்றுப்புள்ளியே இல்லாத நீண்ட ஆறாக வந்ததை உட்கார்ந்து பிரித்தவன் நான். அப்படியும் கையால் எழுதி வாங்கி டைப் அடிப்பதைவிட மிச்சம்தான்.

மழைக்காலத்தில் டாக்ஸை நம்பித் தொழில் செய்ய முடியாது. எங்கள் சந்தில் ஜூன் மாத முதல் மழைக்கே இணையக் கம்பி கண்ணை மூடிவிடும். இணையம் இல்லாமலும் எழுத டாக்ஸில் வழி இருக்கிறது. ஆனால் இணையம் இருக்கும்போதே முன்கூட்டி அதைக் குரோமிலோ எட்ஜிலோ இயக்கிவைத்திருக்க வேண்டும். பக்க அமைப்பு நுணுக்கங்களிலும் அது ரைட்டருக்கும் வேர்டுக்கும் பின்னால்தான். எழுதிச் சேர்க்க அது. பக்கம் கட்ட ரைட்டர்.

ஜோஹோ ரைட்டரையும் சொல்லிவிடுகிறேன். சென்னைக்காரர்களின் தயாரிப்பு, 2005-லிருந்து இருக்கிறது. தனிப்பட்ட பயனுக்கு இலவசம், திரை சுத்தமாக இருக்கிறது, விளம்பரத் தொல்லை இல்லை. படிவங்கள் அனுப்பிப் பூர்த்தி செய்து வாங்கும் சிறு நிறுவனங்களுக்கு டாக்ஸைவிட இதுவே பொருத்தம் என்பேன். என் மேசைக்கு அந்த வேலை வருவதில்லை. அதனால் நான் அதிகம் புழங்கவில்லை.

எல்லா மென்பொருளுக்கும் பொதுவான குறை இரண்டு. ஒன்று, எழுத்துப் பிழை திருத்தி. 'வீடு' தெரிந்திருக்கும், 'வீட்டிலிருந்தபடியேதான்' என்றால் சிவப்புக் கோடு போடும். ஒட்டிக்கொண்டே போகும் மொழிக்கு ஆங்கிலத்துக்குச் செய்தது போல வெறும் சொற்பட்டியல் வைத்தால் இப்படித்தான் ஆகும். ரைட்டருக்குத் தமிழ் அகராதி இணைப்பு உண்டு, சுமார். நீச்சல்காரன் உருவாக்கிய வாணி இணையத் திருத்தியில் பத்தியை ஒட்டிப் பார்த்தால் ஒற்று மிகும் இடங்களைக்கூடச் சுட்டுகிறது; நான் அதைத்தான் நம்புகிறேன். நீதிமன்றக் காகிதங்களை மட்டும் அங்கே ஒட்டமாட்டேன். இரண்டாவது, பத்தியை இருபுறமும் சமன் செய்வது. தமிழ்ச் சொற்கள் நீளம். வரியில் மூன்று சொல்தான் கொள்ளும் என்றால் நடுவில் லாரி போகிற அளவுக்கு இடைவெளி விழும். குறுகிய பத்தியாக இருந்தால் இடப்பக்கம் மட்டும் சீராக வைத்துவிடுவது கண்ணுக்கு நல்லது. அழைப்பிதழ் தரும் வாடிக்கையாளர்கள் இதற்குச் சம்மதிப்பதில்லை. இரு ஓரமும் நேராக நிற்காவிட்டால் காசு குறைத்துக் கொடுப்பார்கள்.

இத்தனைக்குப் பிறகு யாருக்கு எதைப் போட்டுக்கொடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தங்கை மகள் சட்டம் படிக்கிறாள். அவளுக்கு வேர்ட், வேறு பேச்சே இல்லை. அவள் சேரப்போகும் அலுவலகத்தில் ரைட்டர் என்றால் என்னவென்றே தெரியாது. மாட்டுங்காவில் பூக்கடை வைத்திருக்கும் நண்பருக்கு ரசீதும் கடிதமும் போதும். செல்போனில் கூகுள் டாக்ஸ்.

மும்பையின் பெஸ்ட் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் தன் வாழ்க்கையை எழுத வேண்டும் என்று பழைய மடிக்கணினியோடு வந்தார். விண்டோஸ் 11 அதில் ஏறாது. வீட்டில் இணையமும் இல்லை. அதில் லினக்ஸ் போட்டு, ரைட்டரில் பக்கத்தை ஏ5 அளவாக்கி, நோட்டோ செரிஃப் தமிழ் 13 புள்ளி வைத்து, அவருக்குப் பழக்கமான தட்டச்சு முறைக் கீபோர்டையும் சேர்த்துக் கொடுத்தேன். மேலே வரிசையாக நிற்கும் பொத்தான்களில் பாதியை மறைத்துவிட்டேன். சிவப்புக் கோடுகள் தன்னைத் திட்டுவதுபோல் இருக்கின்றன என்றார், அதையும் அணைத்துவிட்டேன். இப்போது வாரம் தவறாமல் வந்து புதிய பக்கங்களைக் காட்டுகிறார். 66-ஆம் எண் பஸ்ஸில் சில்லறைக்காக நடந்த ஒரு சண்டையை மட்டும் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். மென்பொருளைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை; பிரிண்ட் எடுக்கப் பக்கத்துக்கு எவ்வளவு, மூத்த குடிமகனுக்குத் தள்ளுபடி உண்டா என்று மட்டும் கேட்டார்.